விக்கிறவன் எந்த ஊர்ல அச்சாரம் கொடுத்தான்?

பேராசை பெருநஷ்டம். ஆன்லைன்ல யாராவது பணத்தைப் பறிகொடுத்தா எங்க ஊர் டீக்கடையில முதல்ல விழுகிற வார்த்தை இதுதான். பேங்க்ல இதைத்தான் சொல்லுதாங்க, பேப்பர்லயும் இதைத்தான் எழுதுதாங்க. நானும் சொல்லியிருக்கேன். அதுவும் என்கூட ஒரே வீட்டுல வளர்ந்த சித்தப்பா மகன் முகத்துக்கு நேரா சொன்னேன். அன்னைக்கு அவன் பதில் ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் எட்டு மாசம் எங்கிட்ட பேசவும் இல்ல.

அவனுக்கு நான் சொன்னது தப்பு. அதை ஒத்துக்கத்தான் இதை எழுதுறேன். என்னை மாதிரி இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கிறவங்களையும் நாலு கேள்வி கேக்கணும்.

நடந்ததை முதல்ல சொல்லிடுறேன். தம்பிக்குக் கிணத்துப் பாசனத்துல ஒன்றரை ஏக்கர் முருங்கை. விலை இருக்கிறப்ப முருங்கைக்காய் தங்கம், விலை சரிஞ்சுட்டா பறிப்புக் கூலிக்கே காணாது. அப்படி ஒரு வருஷம் காயை மரத்துலயே விட்டுட்டான். சரி, இலையை நிழல்ல காயவச்சுப் பொடியாக்கி விப்போம்னு இறங்கினான். ஏற்றுமதி பத்தி ரெண்டு நாள் பயிற்சிக்கும் போய்ட்டு வந்தான். படம் பிடிச்சு ஃபேஸ்புக்ல போட்டான். பத்து நாள்ல வாட்ஸ்அப்புல ஆள் வந்துட்டான். பிளஸ் 44ல ஆரம்பிக்கிற நம்பர், அதாவது இங்கிலாந்து. லண்டன்ல ஆரோக்கிய உணவுக் கடை வச்சிருக்கானாம், 200 கிலோ வேணுமாம். தம்பி கிலோ 450 ரூபாய்னு சொன்னான். அவன் சரின்னான். மொத்தம் 90,000 ரூபாய்.

இங்க கொஞ்சம் நில்லுங்க. தம்பி சொன்ன விலை 450, அவன் ஒத்துக்கிட்ட விலை 450. லாட்டரி விழுந்திருக்குன்னு யாரும் சொல்லல, பத்து ரூபாய் பொருளுக்கு ஆயிரம் தர்றேன்னும் சொல்லல. விளைய வச்ச பொருளுக்கு விளைய வச்சவன் சொன்ன விலை. இதுல பேராசை எங்க இருக்கு? எனக்குக் காட்டுங்க.

தம்பி பேங்க் கணக்கு நம்பரை அனுப்பினான். மறுநாள் ஒரு மெயில் வந்துச்சு. மேல ஒரு பேங்க் முத்திரை, கீழ ரிசர்வ் வங்கி முத்திரை. உங்க பணம் மும்பைக்கு வந்துடுச்சு, பவுண்டை ரூபாயா மாத்தக் கட்டணம் 14,800 கட்டுங்க, உடனே கணக்குல ஏறிடும்னு இருந்துச்சு. கட்டினான். அடுத்து, இது கறுப்புப் பணம் இல்லைன்னு சான்றிதழ் வேணும், 27,500. அதையும் கட்டினான். அப்புறம் வரி 31,000, இது மட்டும் முழுசாத் திரும்பக் கிடைச்சுடும்னு சொன்னாங்க. அதுக்கு அவன் வீட்டுக்காரி கழுத்துச் செயின் அடகுக்குப் போச்சு. ஆக மொத்தம் 73,300 ரூபாய். பொருளோட விலை 90,000.

"மூணாவது தடவை ஏம்லே கட்டுன?" இதைத்தான் எல்லாரும் கேட்டாங்க. கேட்டவங்க எல்லாம் சம்சாரிங்கதான். நான் அவங்ககிட்டத் திருப்பிக் கேக்குறேன். போர் போடுறப்ப 400 அடியில தண்ணி வரலைன்னா லாரிக்காரனைத் திருப்பி அனுப்பிட்டோமா? இவ்வளவு போட்டாச்சு, இன்னும் நூறு அடி பாப்போம்னு கடன் வாங்கிப் போடலையா? 500ல வராம 600க்குப் போகலையா? அதைப் பேராசைன்னு யாராவது சொன்னோமா? முதல்ல போட்ட காசைக் காப்பாத்தணும்னு ரெண்டாவது காசைப் போடுறோம். திருடனுக்கு இந்தக் கணக்கு தெரியும். அதனாலதான் 73,300ஐ ஒரே தடவையில கேக்காம மூணு தவணையாக் கேட்டான்.

தம்பி இதை யார்கிட்டயும் சொல்லாம பதினோரு நாள் மனசுக்குள்ளயே வச்சிருந்தான். செயின் எங்கேன்னு மாமியார் கேட்டதுக்குப் பிறகுதான் அவன் வீட்டுக்காரி எங்கிட்ட வந்து, "அத்தான், அவுக சாப்பிடவே மாட்டேங்காவ, என்னன்னு கேளுங்க"ன்னு சொல்லிச்சு. நான் போய்க் கேட்டேன். சொன்னான். உடனே பேராசை பெருநஷ்டம்னு நான் என் திருவாயால சொன்னேன். அதுக்கப்புறம்தான் 1930க்கு ஃபோன் அடிச்சோம். பணம் பல கணக்கு மாறிப் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. அதுல ஒரு ரூபாய் திரும்பல. கடனுக்கு இலை வாங்கி அரைச்ச பொடி, மழைக்காலத்துல ஈரம் கோத்துப் பச்சை நிறம் போய் வீணாச்சு.

பதினோரு நாள் ஏன் சொல்லல? நான் சொன்ன அந்த வார்த்தைக்குப் பயந்துதான். ஊர் சிரிக்கும், அண்ணன் ஏசுவான்னு நெனச்சான். நெனச்ச மாதிரியே அண்ணன் ஏசிட்டான். இந்த மாதிரித் திருட்டுல முதல் சில மணி நேரந்தான் பிடி. பணம் முதல் கணக்குலயோ ரெண்டாவது கணக்குலயோ இருக்கிறப்பவே தகவல் போனா நிறுத்தி வைக்க வழி இருக்கு. அந்த மணி நேரத்தைத் தம்பிகிட்ட இருந்து பறிச்சது லண்டன்காரன் இல்ல, நாம பேசுற பேச்சு. பேராசைங்கிற வார்த்தை திருடனுக்குக் கூலி வாங்காம வேலை பாக்குது.

எனக்குப் புத்தி வந்தது என் விரல்ல வந்தப்பதான். போன வருஷம் என் பழைய ஆயில் எஞ்சினை விக்கலாம்னு மகன் ஆன்லைன்ல போட்டுவிட்டான். ஒருத்தன் பேசினான். பட்டாளத்துல இருக்கானாம், அப்பாவுக்குத் தோட்டத்துக்கு வேணுமாம். பேரம் பேசாம சொன்ன விலைக்கு ஒத்துக்கிட்டான். "ஐயா, ஒரு கியூ.ஆர். அனுப்புதேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டீங்கன்னா பணம் உங்க கணக்குல விழுந்துடும்"னான். ஐயான்னு கூப்பிடுறான், பட்டாளத்துக்காரன் வேற. நான் ஸ்கேன் பண்ணிட்டேன். பின் நம்பர்ல மூணு எண் போட்டுட்டேன். கூட இருந்த மருமக, "மாமா, வர்ற பணத்துக்கு எதுக்குப் பின் நம்பர்?"னு கேட்டுச்சு. அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாத்துச்சு. தம்பி பக்கத்துல அப்படிக் கேக்க அன்னைக்கு ஆள் இல்ல. எனக்கும் அவனுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், புத்தியில ஒண்ணும் இல்ல.

படிக்காதவன் ஏமாந்தான்னு சொல்லுவாங்க. 2021 பிப்ரவரியில டெல்லி முதலமைச்சரா இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலோட மகள் பழைய சோபா ஒண்ணை ஆன்லைன்ல விக்கப் போட்டாங்க. வாங்க வந்தவன் முதல்ல சின்னத் தொகை ஒண்ணை அனுப்பி நம்ப வச்சான். அப்புறம் கியூ.ஆர். அனுப்பி 34,000 ரூபாயை எடுத்துட்டான். முதலமைச்சர் வீட்டுல படிப்புக்கா குறைச்சல்? பழைய சோபா விக்கிறதுல என்ன பேராசை?

வெளிநாட்டு வியாபாரம் தெரியாதவன் ஏமாந்தான்னும் சொல்லுவாங்க. இதையும் கேளுங்க. 2015ல நம்ம நாட்டு எண்ணெய் நிறுவனம் ஓ.என்.ஜி.சி., சவுதி அராம்கோவுக்கு நாப்தா வித்துச்சு. நடுவுல புகுந்த ஒருத்தன் ஓ.என்.ஜி.சி. மெயில் முகவரி மாதிரியே லேசா எழுத்தை மாத்தி ஒண்ணை உண்டாக்கி, பணத்தை இனிமே இந்தக் கணக்குல போடுங்கன்னு அராம்கோவுக்கு எழுதிட்டான். பணம் அவன் கணக்குக்குப் போயிடுச்சு. மும்பை போலீஸ்ல புகார் கொடுத்தப்ப செய்தியில வந்த தொகை 197 கோடி ரூபாய். வக்கீல், ஆடிட்டர், கம்ப்யூட்டர் படிச்சவங்கன்னு ஒரு படையே வச்சிருக்கிற ரெண்டு பெரிய நிறுவனங்களுக்கு நடுவுல நடந்தது இது. அங்க யாரும் பேராசைன்னு சொல்லல. "சைபர் தாக்குதல்"னு கௌரவமாச் சொன்னாங்க. 73,000 போனா பேராசை, 197 கோடி போனா தாக்குதலா?

ஆசையை விடுன்னு உபதேசம் பண்ணினா திருட்டு நிக்காது. ஆசை இல்லாதவன் எதுக்கு விவசாயம் பாக்கணும்? பணம் எப்படி வரும்னு தெரிஞ்சா போதும். அது நமக்குப் புதுசும் இல்ல. நம்ம சந்தையிலயே இருக்கு, செல்போனைக் கையில எடுத்ததும் மறந்துபோயிடுறோம்.

மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள கைவிட்டு விலை பேசி முடிச்சதும் அச்சாரம் யார் கொடுக்கா? வாங்குறவன் விக்கிறவனுக்குக் கொடுக்கான். வித்தவன் வாங்குறவனுக்கு அச்சாரம் கொடுத்ததை என் ஐம்பது வருஷத்துல நான் பாத்தது இல்ல, என் தாத்தாவும் சொன்னது இல்ல. மீதிப் பணத்தை எண்ணி மடியில கட்டுன பிறகுதான் கயித்தை மாத்திக் கொடுப்போம்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டை எடுத்துக்கோங்க. விடியமுன்ன பிச்சியும் மல்லியும் கொண்டு போய்ப் போடுறோம். கடைக்காரர் கமிஷனைக் கழிச்சுக்கிட்டு மீதியைத் தர்றார். கமிஷன் கூடுதல்னு நமக்கு அவர் மேல வருத்தம் இருக்கும், அது வேற கதை. ஆனா "முதல்ல என் கமிஷனைக் கொண்டா, பிறகு உன் பூக்காசைத் தர்றேன்"னு ஒரு கடைக்காரர் சொன்னா அந்தக் கடைப் பக்கம் யாராவது போவோமா? லண்டன்காரன் கேட்டது அதைத்தான். ஆங்கிலத்துல முத்திரை போட்டுக் கேட்டதால அது நமக்குப் புரியல.

வெளிநாட்டுப் பணம்னா வேற முறையா இருக்கும்னு தம்பி நெனச்சான். அதுவும் நமக்குத் தெரிஞ்சதுதானே? நம்ம தெருவுலயே சவுதியிலயும் துபாயிலயும் மலேசியாவுலயும் பிள்ளைகள் இருக்கு. நாப்பது வருஷமாப் பணம் வருது. கையெழுத்துப் போடத் தெரியாத ஆத்தா, பேங்க்ல கைநாட்டு வச்சு வாங்கிட்டு வருது. அந்த ரியாலை ரூபாயா மாத்த எந்த ஆத்தாவாவது முன்பணம் கட்டுச்சா? உன் மகன் அனுப்புனது கறுப்புப் பணம் இல்லைன்னு சான்றிதழுக்கு 27,500 கொடுன்னு எந்த பேங்காவது கேட்டுச்சா? பேங்க் கட்டணம் உண்டு. வர்ற பணத்துலயோ கணக்குலயோ அவங்களே கழிச்சுக்குவாங்க. முன்னாடியே வேற எவன் கணக்குலயோ கட்டச் சொல்ல மாட்டாங்க. ரிசர்வ் வங்கி உங்க பணத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மெயில் போட்டுக் கட்டணம் கேக்காது. இந்த மாதிரி மெயிலை நம்பாதீங்கன்னு ரிசர்வ் வங்கியே பல தடவை அறிவிச்சிருக்கு.

வெளிநாட்டுல இருந்து பணம் வர நாம கொடுக்க வேண்டியது நம்ம பேர், கணக்கு நம்பர், பேங்க் முகவரி, அந்த பேங்கோட ஸ்விஃப்ட் குறியீடு. அவ்வளவுதான். ஸ்விஃப்ட் குறியீடு எல்லாக் கிளைக்கும் இருக்காது, நம்ம கிளையில கேட்டா எந்தக் கிளை வழியா வரும்னு சொல்லுவாங்க. பணம் வந்ததும் எதுக்கான பணம்னு பேங்க் கேக்கும், பில்லைக் காட்டணும். ஓ.டி.பி., பின் நம்பர், கார்டுக்குப் பின்னால இருக்கிற மூணு எண், இதுல எதுவும் பணம் வாங்கத் தேவை இல்ல. பின் நம்பர் போட்டா பணம் வெளியதான் போகும், உள்ள வராது. தனி ஆள் ஒருத்தர் யு.பி.ஐ.யில இன்னொருத்தருக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் அனுப்புற வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொல்லிட்டாங்க. நல்லதுதான். ஆனா கியூ.ஆர். இன்னும் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க.

பணம் அனுப்பிட்டேன்னு ஸ்விஃப்ட் காப்பியைப் படமா அனுப்புவான். படம் பணம் இல்ல. நம்ம பேங்க் பாஸ்புக்ல ஏறினாத்தான் பணம். சரக்கை அனுப்பிட்டு அந்தப் பார்சல் நம்பரைத் தந்தாத்தான் பணம் விடுவிக்கும்னு பேபால் பேர்ல மெயில் வரும். அந்த மெயில்ல இருக்கிற லிங்க்கைத் தொடாம, நாமளே நம்ம கணக்குக்குள்ள போய்ப் பாக்கணும். அங்க இல்லைன்னா பணம் வரலைன்னு அர்த்தம்.

இன்னொரு வித்தையும் இருக்கு. 90,000க்கு பதிலா ஒன்றரை லட்சத்துக்கு வெளிநாட்டு செக் வரும். மீதியை என் லாரிக்காரனுக்கு அனுப்பிடுங்கம்பான். வெளிநாட்டு செக் வசூலாக வாரக்கணக்கு ஆகும். சில சமயம் கணக்குல ஏறின மாதிரி காட்டிட்டு, செக் திரும்பி வந்ததும் பேங்க் அந்தத் தொகையைத் திருப்பி எடுத்துக்கும். லாரிக்காரனுக்கு நீங்க அனுப்புன காசு மட்டும் திரும்பாது. கேட்டதுக்கு மேல பணம் தர்றவன் கூலிக்கு ஆள் பிடிக்கான்னு வச்சுக்கோங்க.

இப்ப பயிற்சி கொடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. தம்பி போன அந்த ரெண்டு நாள் பயிற்சியில வெளிநாட்டு வணிக இயக்ககத்துல 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி எண் வாங்கச் சொல்லிக் கொடுத்தாங்க. உணவு உரிமம், பை, லேபிள் எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. சான்றிதழும் குரூப் போட்டோவும் கொடுத்தாங்க. பணம் எப்படி வரும், எப்படியெல்லாம் வராதுன்னு அரை மணி நேரம் பேச ஆள் இல்ல. லெட்டர் ஆஃப் கிரெடிட்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாப்பாட்டுக்கு விட்டுட்டாங்க. நீச்சல் சொல்லித் தராம கிணத்து வாளியில இறக்கி விடுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? விவசாயி ஏற்றுமதியாளர் ஆகணும்னு மேடையில பேசுறீங்க, சந்தோஷம். ஏமாந்து வந்தவனுக்குப் பேராசைன்னு பட்டம் கட்டாதீங்க. ஏற்றுமதிப் பணம் வராமப் போனா காப்பீடு தர 1957ல இருந்தே இ.சி.ஜி.சி.ன்னு மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு இருக்கு. வாங்குறவன் எப்பேர்ப்பட்டவன்னு விசாரிக்கவும் அங்க வழி இருக்கு. இதை நான் தெரிஞ்சுக்கிட்டது தம்பி பணம் போன பிறகு. பயிற்சியில சொல்லியிருக்க வேண்டாமா?

பேங்க்காரங்களுக்கும் ஒண்ணு. ஒரே வாரத்துல ஒரு சம்சாரி, முன்பின் தெரியாத மூணு கணக்குக்கு இவ்வளவு தொகை அனுப்புறான். இதுவரைக்கும் உரக்கடைக்கும் மின்சார பில்லுக்கும் மட்டுமே அனுப்புன ஆள். கவுண்டர்ல இருக்கிறவங்க "எதுக்கு அண்ணாச்சி?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா? என் மருமக கேட்ட கேள்விதானே அது? பயிர்க்கடனுக்குப் போனா நூறு கேள்வி கேக்கத் தெரியுது.

ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே 1930க்கு அடிங்க. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார் பதியுங்க. பேங்க்லயும் சொல்லி, புகார் நம்பர் வாங்கி வச்சுக்கோங்க. நம்ம கவனக்குறைவால போன பணம்னா, பேங்க்ல சொல்லுற வரைக்கும் நஷ்டம் நம்மளோடது, சொன்ன பிறகு போற பணத்துக்கு பேங்க்தான் பொறுப்புன்னு ரிசர்வ் வங்கி 2017லயே உத்தரவு போட்டிருக்கு. அதனால வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு போகும்.

தம்பிகிட்ட நானே போய்ப் பேசினேன். எஞ்சின் கதையைச் சொன்னேன், பின் நம்பர்ல மூணு எண் போட்டதையும் சொன்னேன். ரொம்ப நேரம் தரையையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம், "நாலாவது எண்ணையும் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ணே"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சான். எட்டு மாசத்துக்குப் பிறகு அன்னைக்குத்தான் அவன் சிரிச்சதைப் பாத்தேன்.

இப்ப மறுபடியும் பொடி அரைக்கான். சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம பக்கத்து ஆள் ஒருத்தருக்கு அஞ்சு கிலோ, பத்து கிலோன்னு போகுது. பணம் முதல்ல கணக்குல ஏறும், பிறகுதான் பார்சல் போஸ்ட் ஆபீசுக்குப் போகும். போன மாசம் புதுசா ஒருத்தன் கனடாவுல இருந்து 300 கிலோ கேட்டானாம். பணத்தை விடுவிக்க ஏதோ கட்டணம்னு ஆரம்பிச்சிருக்கான். தம்பி அவனுக்குத் தமிழ்லயே ஒரு வரி எழுதி அனுப்பிட்டான்: "எங்க ஊர்ல வாங்குறவன்தான் அச்சாரம் கொடுப்பான்." அதோட அவன் நம்பரையே காணோம்.

அடகுல இருக்கிற செயின் இன்னும் திரும்பல. வட்டி மட்டும் கட்டிக்கிட்டு வர்றான். அடுத்த தடவை உங்க தெருவுல யாராவது ஏமாந்துட்டேன்னு வந்து நின்னா, பழமொழியைச் சொல்லாதீங்க. முதல்ல அவர் ஃபோனை வாங்கி 1930ஐ அடிச்சுக் கொடுங்க.